பிறத்தியார் கையில் தண்ணீர் குடிக்காத நாய்

பண்ணையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் கூழ் காய்ச்ச வேண்டும், எந்த மருந்தை எதில் கலக்க வேண்டும் என்பதையெல்லாம் டிரைவர் சுப்புராசு சொல்லிக் கொடுப்பான். சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதில் தப்புச் செய்தவள் நான் என்பதால் அதை நானே எழுதுவதுதான் சரி.

இந்தப் பண்ணைக்கு நான் தென்னமட்டை பொறுக்கத்தான் வந்தேன். கன்னிவாடிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற எல்லோரும் ஏதாவது வளர்ப்பார்கள். நம் முதலாளி சிப்பிப்பாறை நாய் வளர்த்தார். அப்போது நாலே நாலு நாய். கூழ் காய்ச்ச வந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், முதலாளியின் வீட்டம்மா என்னை அடுப்பங்கரைக்குள் அனுப்பினார். எனக்கு அப்போதே நாற்பது வயசு இருக்கும்.

முதல் நாள் அந்த நாய்களைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. விலா எலும்பு வரிவரியாகத் தெரிகிறது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நான் யாருக்கும் தெரியாமல் என் தூக்குச்சட்டிச் சோற்றில் பாதியை ஒரு கடுவன் நாய்க்கு வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மாசத்தில் விலா மறைந்தது. அடுத்த பந்தய ஓட்டத்தில் அதன் முன்னங்கால் மூட்டு விலகிவிட்டது. பிறகு அது ஓடவே இல்லை.

அப்போது நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வயசான ஆள். கோபக்காரர். காலைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே அடுப்பங்கரைக்கு வந்தார்.

"ஏத்தா, நீ என்ன பன்னியா வளக்குற, கொழுக்க வைக்கிறதுக்கு? மூணு எலும்பு வெளிய தெரியணும். தெரியலேன்னா அதோட காலை நீ ஒடைக்கிறேன்னு அர்த்தம். போ, போயி உன் சோத்தை நீ தின்னு."

அவ்வளவுதான் அவருடைய பாடம். மிச்சத்தை நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இந்தச் சாதி நாய்க்குத் தோல் காகிதம் மாதிரி. முள்வேலி உரசினாலே கிழியும். வெறுந்தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும். மார்கழிப் பனியில் நடுங்கும். அதட்டினால் இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடாது. சாப்பிட்ட வயிற்றோடு ஓடவிட்டால் வயிறு முறுக்கிச் சாகும். இதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

முக்கியமானது வேறு. இது கண்ணால் ஓடுகிற நாய். முன்னால் ஒன்று ஓடுவது தெரிந்துவிட்டால் அதற்குக் காது அடைத்துவிடும். அதோடு, இதற்கு நிற்கத் தெரியாது. தெருநாய் களைத்தால் நிழலைப் பார்த்துப் படுத்துவிடும். இது படுக்காது. தேடுவது கண்ணுக்கு அகப்படும்வரை ஓடும். நிறுத்த வேண்டியது நம்முடைய வேலை. இதை நன்றாக மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தப் பெரியவர் இன்னொன்றும் செய்வார். முயல் வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆன பிறகு, இந்தப் பக்கமெல்லாம் ஓட்டப் பந்தயம்தான். மோட்டார் வைத்து ஒரு துணிமூட்டையை இழுப்பார்கள், நாய் துரத்தும். பந்தயம் நெருங்கினால் வேலிக்கு மேலிருந்து கறித்துண்டு விழும். உள்ளே எதிராளி வைத்த விஷ மருந்து இருக்கும். அப்படி ஒரு நல்ல பெட்டை இங்கே செத்திருக்கிறது. அதனால் குட்டியாக இருக்கும்போதே ஒரு பழக்கம் செய்வார். நாய்க்குத் தெரியாத ஆளைக் கூப்பிட்டு, நடுவில் மிளகாய் அரைத்து வைத்த கறியைக் கொடுக்கச் சொல்வார். குட்டி கடித்துவிட்டு வாயைத் தரையில் தேய்த்துக்கொண்டு கத்தும். நாலு தடவை, நாலு ஆள். அதற்குப் பிறகு சோறு போடுகிறவர் கையைத் தவிர வேறு கையில் எதையும் அது தின்னாது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கற்றுக்கொண்டேன். அவர் வேலையை விட்டுப் போனதும் நானே செய்தேன்.

பவுனு பிறந்தது அதற்குப் பிறகுதான். ஈனும்போதே தாய் செத்துவிட்டது. ஆறு குட்டியில் மூன்றுதான் தங்கின. ஆட்டுப்பாலைக் கரண்டியில் எடுத்து, சுண்டுவிரலில் தொட்டுத் தொட்டு வைத்து வளர்த்தேன். மஞ்சள் கலந்த செவலை நிறம். சுப்புராசுதான் "பவுனு மாதிரி இருக்குக்கா" என்றான். அதுவே பேராகிவிட்டது. கண் திறந்ததும் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான் என்று நான் சொல்லிக்கொள்வேன். குட்டிக்கு அப்போது பார்வை சரியாகத் தெரியாது என்று நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா பிறகு சொன்னார்கள். இருந்தாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பவுனுக்கு மிளகாய்க் கறிப் பழக்கம் செய்தபோது தண்ணீரையும் சேர்த்துக்கொண்டேன். கறியில் வைக்கிற மருந்தைத் தண்ணீரில் கலக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தோன்றியது. பிறத்தியார் கையால் வேப்பிலைச் சாறு கலந்த தண்ணீரை வைக்கச் சொன்னேன். அது முகம் சுளித்துக்கொண்டு என்னிடம் ஓடி வரும். நான் நல்ல தண்ணீர் கொடுப்பேன். பெரியவர் தண்ணீரைச் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

பவுனு வளர வளர அது பண்ணைக்கே பெருமையாகிவிட்டது. முதலாளி விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டுவார்.

"நீங்க பாலை ஊத்துங்க மாப்ள. காய்ச்சுன பாலு. ஊத்திப் பாருங்க."

வந்தவர் ஊற்றுவார். பவுனு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"பாத்தீகளா? நான் வச்சாக் கூடத் தொடாது. இத்தன காசு போட்டு வளக்குறவன் நானு! ஏம்மா பஞ்சவர்ணம், இங்க வா."

நான் போய் அதே கிண்ணத்தைத் தூக்கிப் பிடிப்பேன். சொட்டு விடாமல் குடிக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நாலு ஆம்பளைகள் ஒன்றாக என்னைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் கூசும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஆனால் உள்ளே போய்ச் சந்தோஷப்படுவேன். என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம். பிள்ளையும் இல்லை. என்னைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஒரு உயிர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்குப் பிடித்தது. பிடித்ததால்தான் அது தப்பு என்று தோன்றவில்லை.

தோப்புக்குப் பின்னால் மணல் பாதையில் பழக்குவோம். ஒரு முனையில் சுப்புராசு அவிழ்த்துவிடுவான். மறுமுனையில் கிண்ணத்தோடு நான் நிற்பேன். பவுனு அம்பு மாதிரி வரும். துணிமூட்டையைத் துரத்துவதாக எல்லோரும் சொன்னார்கள். பாதித் தூரம் தாண்டியதும் அதன் கண் மூட்டையில் இருக்காது, என் மேல்தான் இருக்கும். அது எனக்கும் சுப்புராசுக்கும் மட்டும் தெரியும். முதலாளிக்கு நேரம் மட்டும்தான் தெரியும். கையில் கடிகாரத்தோடு நின்றுவிட்டுப் போவார்.

அந்தப் பந்தயம் வத்தலக்குண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் நடந்தது. மாசி கடைசி. காலை ஆறரைக்கு ஓட்டம் என்று சொல்லியிருந்தார்கள். நான் இல்லாமல் பவுனு வேனில் ஏறாது என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். செம்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது முதலாளி சந்தோஷமாக இருந்தார்.

"சுப்பு, நீ அவுத்து விடு. நான் எல்லைக் கோட்டுல நின்னு புடிச்சுக்கிறேன். பஞ்சவர்ணம் வேன்லயே இருக்கட்டும். பொம்பளையாளு நிக்கிற எடம் இல்ல அது. குடிச்சுப்போட்டு நிப்பானுக."

எனக்கு அப்போதே நெஞ்சில் ஒன்று தட்டியது. எல்லையில் முதலாளி நின்றால் பவுனு நிற்காதே என்று. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு எங்கள் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா?" என்றார் முதலாளி. "ஒண்ணுமில்லைங்க" என்றேன். சீனி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இதுதான் முதல் இடம். சொல்லியிருக்க வேண்டிய இடம் இன்னும் இரண்டு இருந்தது.

அங்கே போனால் பந்தல் போட்டு, மைக் கட்டி, திருவிழாக் கூட்டம். ஆறரை ஏழரை ஆயிற்று. கொடியசைக்க வேண்டியவர் வரவில்லை. எட்டரை ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. வந்தவர் பேசினார், பிறகு வேறொருவர் பேசினார். நான் வேன் நிழலில் பவுனின் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். வேன் தகரம் கை வைக்க முடியாமல் கொதித்தது. சுப்புராசு வந்து எட்டிப் பார்த்தான்.

"அடுத்த ஓட்டம் நம்மதுக்கா."

"வெயில் ஏறிருச்சே சுப்பு. மண்ணு சுடுதுடா. இப்பப் போயி ஓட விடணுமா?"

"நானா வேணுங்கிறேன்? மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

முதலாளி பந்தலுக்குள் இருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர். வேனுக்கும் பந்தலுக்கும் நடுவில் நம் கூழ் அடுப்பிலிருந்து கிணற்றடிக்குப் போகிற தூரம்தான் இருக்கும். நான் இரண்டு எட்டு வைத்தேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்து, "என்னாத்தா, வழி தவறிருச்சா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்து வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அது இரண்டாவது இடம்.

சுப்புராசு வாரைப் பிடித்துக் கூட்டிப் போனான். பவுனு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

வேனுக்கும் ஒரு டிராக்டருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகப் பார்த்தேன். ஆறு நாய். கொடி இறங்கியதும் புழுதி எழுந்தது. புழுதிக்குள் செவலை நிறம் மட்டும் தனியாக முன்னால் வந்தது. நாலு நாய் நீளம் முன்னால். கூட்டம் கத்தியது. எனக்கும் கை தட்டத் தோன்றியது. முதலாளி எல்லைக் கோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பவுனு கோட்டைத் தாண்டியது. அவரையும் தாண்டியது.

மற்ற நாய்களை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். பவுனு நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பியது. கூட்டத்தின் ஓரமாகவே ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே ஓடியது. எல்லாம் வேட்டியும் பேண்ட்டும்தான். அது தேடியது ஒரு சேலையை.

"ஏய், புடிங்கப்பா!"

"தண்ணிய வையிடா, தண்ணியக் கண்டா நின்னுரும்."

ஒருத்தன் வாளியைக் கொண்டு போய் அதன் முன்னால் வைத்தான். பவுனு வாளியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. இன்னொருத்தன் துண்டை வீசிப் பிடிக்கப் பார்த்தான். அது மிரண்டு மைதானத்தின் அந்தப் பக்கம் ஓடியது. நாலைந்து பேர் துரத்தினார்கள். துரத்தத் துரத்த வேகமாக ஓடியது. இரண்டாவது சுற்று. நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. அதன் ஓட்டத்தில் ஒரு தள்ளாட்டம் வந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

மைக்கில் கூப்பிட்டார்கள். "கன்னிவாடி நாய்க்குச் சோறு போடுற அம்மா எங்க இருந்தாலும் உடனே மைதானத்துக்கு வரவும். உங்க பிள்ளை உங்களைத் தேடுது." கூட்டம் முழுக்கச் சிரித்தது. இன்னொரு தடவையும் சொன்னார்கள். "அம்மா, வெக்கப்படாம வாங்கம்மா."

நான் போகவில்லை.

அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது.  வேன் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி பிடித்துவிடுவார், சுப்பு பிடித்துவிடுவான், இதோ இப்போது பிடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்த நேரம்தான். ஒரு பானை கூழ் கொதி வருகிற நேரம்கூட இருக்காது. அந்த நேரத்தில் பவுனு இன்னும் ஒரு சுற்று ஓடியது. அது மூன்றாவது இடம்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். கூட்டத்தைக் கண்டால் கூசுகிறது என்று ஒரு மனுசி இவ்வளவு பண்ணுவாளா என்று கேட்கலாம். பண்ணினேன்.

சுப்புராசு செருப்பில்லாமல் ஓடி வந்தான். அவன் கையில் பவுனின் பல் பட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. "யக்கா, நிக்கிறீகளே! விழுந்துருச்சுக்கா. ஓடியாங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குப் பிறகு எப்படி அந்தக் கூட்டத்துக்குள் போனேன் என்று எனக்கே தெரியாது.

பந்தலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் கிடந்தது. சுற்றி ஆள். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒருத்தர் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பியது. அந்த நிலைமையிலும் திருப்பியது. நான் கற்றுக் கொடுத்ததை அது மறக்கவில்லை.

"அதை எடுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "சாக்கை எடுங்கய்யா! சூடு உள்ளயே நிக்கிது!" என்று கத்தினேன். அப்படிக் கத்தியது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. எடுத்தார்கள். நிழலுக்குத் தூக்கிப் போனோம். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினோம். ஈறு செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. என் மடியில் தலையை எடுத்து வைத்து, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து வாயருகே வைத்தேன். மோந்து பார்த்தது. பிறகு நக்கிக் குடித்தது.

"அம்புட்டுத்தான், குடிச்சிருச்சு! பொழைச்சுக்கிரும்!" என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். யாரோ கை தட்டினார்கள்.

திண்டுக்கல் டவுனில் இருக்கும் டாக்டரம்மாவிடம் வேனை விரட்டிக்கொண்டு போனோம்.  பரிசுக் கோப்பை வழியெல்லாம் முதலாளியின் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. டாக்டரம்மா ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி, ராத்திரிக்குள் உடம்புச் சூட்டை இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் பவுனு எழுந்து நின்றது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. முதலாளிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொழைச்சுக்கிருச்சுல்ல டாக்டர்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இப்பச் சொல்ல முடியாதுங்க ஐயா. மேல சூடு எறங்கிருச்சு. உள்ள குடல், கிட்னி எல்லாம் வெந்து போயிருந்தா அது இன்னைக்குத் தெரியாது. நாளைக்கோ நாளான்னைக்கோதான் தெரியும்."

"நல்லா நிக்கிதே?"

"நிக்கும்ங்க. இந்த நாய் நிக்கும். அதுதான் இதுல பிரச்சினை." பிறகு என்னைப் பார்த்தார்கள். "முதல்லயே பிடிச்சு நிறுத்தித் தண்ணி ஊத்தலையாம்மா? ஓடி முடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு விழுந்துச்சு?"

முதலாளி "உடனே விழுந்துருச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உடனே மாதிரிதான் இருந்திருக்கும். டாக்டரம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு சுத்து ஓடுச்சும்மா" என்றேன். "என்னையத் தேடி ஓடுச்சு. நான் வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்."

 அவர்கள் சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் விடியும்போது பவுனுக்கு ரத்தமாகப் போனது. பிறகு வாந்தியிலும் ரத்தம். ஈறில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி எழுந்தது. மூத்திரம் நின்றுவிட்டது. மத்தியானம் வரை கிடந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் அதன் நாக்கை நனைக்கப் பஞ்சைக் கொண்டுவந்தாள். வாயை மூடிக்கொண்டது. நான் வாங்கி வாயருகே வைத்தபோது நனைக்க விட்டது. அது செத்த பிறகும் என் கை ஈரமாகவே இருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

தோப்பின் கடைசியில் புதைத்தோம். மண் தள்ளி முடித்ததும் சுப்புராசு கட்டுப் போட்ட கையால் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். "நீங்க வந்து நின்னுருந்தா அதுவும் நின்னுருக்கும்க்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் சொன்னது சரி. முதலாளி ஊரெல்லாம் வெயில் கொன்றுவிட்டது என்று சொன்னார். வெயிலில் மற்ற ஐந்து நாயும்தான் ஓடின. அவை ஓடி முடித்ததும் யாரோ ஒருவர் கையில் தண்ணீர் குடித்தன. அந்த ஐந்தும் பிழைத்துக்கொண்டன.

ஒரு வாரம் நான் வேலைக்கு வரவில்லை. வேலையை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் பவுனின் அண்ணன் கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் நாலு அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் கிடந்தன. கண் திறந்து பத்து நாள். பழக்கம் செய்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இல்லாவிட்டால் வேறு யாராவது வந்து மிளகாயோடு வேப்பிலையும் அரைப்பார்கள்.

திரும்பி வந்தேன். கறிக்கு மட்டும் பழக்கம் செய்தேன். மருந்து வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீருக்குச் செய்யவில்லை. அதற்கு நேர்மாறாகச் செய்தேன். ஒரே கிண்ணம், தினம் ஒரு கை. காலையில் சுப்புராசு, மத்தியானம் வீட்டம்மா, சாயங்காலம் தேங்காய் வெட்ட வருகிறவர். பால்காரர், கரண்ட் பில் எழுத வருகிற பெண், யார் வந்தாலும் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிடுவேன். பிடிக்கவும் பழக்கினேன். யார் உட்கார்ந்து கையைத் தரையில் வைத்தாலும் குட்டி வந்து கழுத்தைக் கொடுக்க வேண்டும். வந்தால் தண்ணீர்.

முதலாளி ஒரு நாள் பார்த்துவிட்டார். பால்காரர் கையில் குட்டி குடித்துக்கொண்டிருந்தது.

"என்ன கூத்து இது? எவன் கையில வேணும்னாலும் குடிக்கிறதுக்கு இது என்ன தெருநாயா? நாளைக்கு எவனாவது கலந்து வச்சான்னா?"

பால்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். நான் அவரை நிற்கச் சொன்னேன். அந்நிய ஆள் முன்னால் முதலாளியிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குட்டியைத்தான் பார்த்தேன்.

"கலந்து வச்சா சாகும்ங்க. சாவட்டும்னு சொல்லலை. கதவுக்குப் பூட்டுப் போடுவோம், பந்தயத்துக்கு முந்தின வாரம் முழுக்க நான் இங்கயே படுத்துக்கிறேன். ஆனா தண்ணியக் கண்ணுக்கு முன்னாடி வச்சுக்கிட்டே ஒண்ணு செத்துச்சுல்ல. அது திரும்ப நடக்கக் கூடாது."

"அது வெயிலு..."

"வெயில் இல்லைங்க. நான்தான்."

அவர், "விருந்தாளி வந்தா எதைக் காட்டுறது இனிமே?" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் குட்டிகளில் ஒன்றுதான் சிட்டு. நீங்கள் வரும் முன்பே அது வயசாகிச் செத்துவிட்டது. சிட்டு முதல் பந்தயத்துக்குப் போனபோது, எல்லைக் கோட்டில் நிற்கப் போவதாக நானே சொன்னேன். கார்த்திகை மாசம். ஏழு மணிக்கு மேல் ஆனால் வேனில் ஏற்றிவிடுவேன் என்றும் சொன்னேன். முதலாளி சரி என்றார். ஏழு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது ஓட்டம் ஆரம்பித்தது.

கோட்டில் இருபது முப்பது ஆம்பளைகள். நடுவில் நான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர், "என்னக்கா, நீங்களும் ஓடப் போறீகளா?" என்றார். "எடம் விட்டா ஓடுறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு பெரியவர், யாரென்றே தெரியாதவர், கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். அவர் வேறு ஏதோ நாய்க்காக வந்தவர்.

சிட்டு இரண்டாவதாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் கையை நீட்டினேன். அது என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் செம்போடு குனிந்திருந்தார். நேரே அவரிடம் போய் மூக்கை விட்டுக் குடிக்க ஆரம்பித்தது. அவர் பதறிப்போய், "யாரு நாயிங்க இது? ஏலே, யாரு நாயி?" என்று சுற்றிலும் கேட்டார்.

எனக்கு அடிவயிறு எரிந்தது. உங்களுக்கும் ஒரு நாள் எரியும். நீங்கள் வளர்த்தது இன்னொருவர் கையில் குடிக்கும்போது அதைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தோன்றும். கூப்பிட்டால் பாதித் தண்ணீரில் விட்டுவிட்டு உங்களிடம் ஓடி வரும்.

சிட்டின் பேர் என் நாக்கு நுனி வரை வந்தது. அது செம்பைக் காலி செய்யும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.